இரத்தத்தில் ஊறியதா?

பாப்பாரப்பட்டிக்குச் செல்வோர் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்தைக் காணாமல் திரும்புவதில்லை. நாங்களும் கண்டோம். வத்தலக்குண்டில் 1884-இல் பிறந்தவர். அந்நிய ஆட்சியை எதிர்த்துப் பேசியதற்காக 1908-இல் சிறை சென்றவர். 1912-இல் வெளியே வந்தபோது தொழுநோயையும் உடன் சுமந்து வந்தவர். நோய் தொற்றும் என்று அஞ்சிய அரசு அவர் இரயிலில் பயணம் செய்வதைத் தடுத்தது. ஆகவே மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று பேசினார். இந்த வறண்ட மண்ணில் ஓர் ஆசிரமம் அமைத்தார். பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்பக் கருதி, 1923-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாசைக் கொண்டு அடிக்கல் நாட்டுவித்தார். 1925 ஜூலை 23 அன்று இங்கேயே கண்மூடினார். மேடையேறினால் அவர் பேச்சில் அனல் பறக்கும் என்பார்கள். அந்தச் சினத்துக்கு அவர் கொடுத்த விலையை நினைத்தபடி நாங்கள் மூவரும் கடைத்தெருவுக்கு வந்து பேருந்துக்காகக் காத்திருந்தோம்.

தேநீர்க் கடையில் சிறு நிகழ்ச்சி ஒன்று நடந்தது. கண்ணாடித் தம்ளர்களை எடுத்துவந்த இளைஞன் கால் தடுக்கி, ஒருவருடைய வெள்ளை வேட்டியில் தேநீரைச் சிந்திவிட்டான். அவர் எழுந்து அவனைக் கன்னத்தில் அறைந்தார். அறைந்த வேகத்தில் இன்னொரு தம்ளரும் உடைந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் போன பிறகு, பெஞ்சில் எங்களருகே இருந்த பெரியவர் மெல்லச் சொன்னார்: “அவங்க வகையறாவே அப்படித்தானுங்க. ரத்தத்துலயே ஊறுனது.”

பக்கத்தில் புத்தகப் பையோடு நின்ற பிள்ளை தருமபுரியில் கல்லூரியில் படிக்கிறவன். உளவியல் அவனுக்கு ஒரு பாடமாம். “ரத்தம் இல்லீங்க தாத்தா, மூளை. அமிக்டலான்னு ஒண்ணு இருக்குது. அது தூண்டிவிட்டா கோபம் வரும்” என்றான்.

பெரியவர் சற்று யோசித்தார். “ஏதோ ஒண்ணு. அவன் கையில இல்லைன்னுதானே சொல்ற?”

மாணவனிடம் அதற்கு விடை இல்லை. நம்மிடமும் அன்று இல்லை. பேருந்து வந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி நம்முடன் பேருந்தில் ஏறிக்கொண்டது. அடிக்கிறவனின் அடி அவன் கையில் இல்லையென்றால், பாவம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? ஒப்புரவு அருட்சாதனத்தில் முழந்தாளிட்டு நாம் எதைத்தான் அறிக்கையிடுகிறோம்?

பெரியவரின் கருத்தும் மாணவனின் கருத்தும் ஒன்றே என்பதை முதலில் கவனிக்க வேண்டும். இடம்தான் மாறியிருக்கிறது. முன்பு இரத்தத்தில் இருந்தது இப்போது மூளைக்கு ஏறியிருக்கிறது. தமிழராகிய நமக்கு இதற்கும் முன்னே பித்தம் இருந்தது. வாதம், பித்தம், கபம் என்று உடலை மூன்றாகப் பகுத்த நம் மருத்துவம் முன்கோபியைப் பித்த உடம்புக்காரர் என்றது. எலுமிச்சம்பழத்தைத் தலையில் தேய்த்துப் பித்தம் தெளியவைக்கிற வழக்கம் இன்றும் நம் கிராமங்களில் மறையவில்லை. ஆகவே சினத்துக்கு உடலில் வேர் தேடுவது மேனாட்டார் புதிதாகக் கொண்டுவந்த சரக்கு அன்று.

இந்தத் தேடல் எளிய மக்கள்மேல் எப்படி விழுந்தது என்பதற்கு நம் நாட்டிலேயே கொடிய சான்று உண்டு. பிறவிக் குற்றவாளியைப் பற்றி இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ தம் நூலை 1876-இல் வெளியிட்டார். தாடையையும் நெற்றியையும் அளந்தே கொலைகாரனைக் கண்டுகொள்ளலாம் என்று அவர் எண்ணினார். அவருக்கும் ஐந்தாண்டு முன்னதாக, 1871-இல், இந்தியாவில் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றிவிட்டது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பிறந்த குலமே குற்றத்துக்குச் சான்றாயிற்று. இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்க வேண்டும், கைரேகை வைக்க வேண்டும். அதை மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து பதினாறு பேர் மாண்டனர். தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. அந்தச் சேலத்தின் பெயர் சில குறவர் பிரிவுகளின் பெயரோடு சீர்மரபினர் பட்டியலில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் சட்டம் நீங்கிற்று. பேச்சு நீங்கவில்லை, பெஞ்சில் இருந்த பெரியவர் அதைத்தான் சொன்னார்.

இந்தக் குடிகளை அடைத்துவைத்த குடியிருப்புகள் சிலவற்றை நடத்தும் பொறுப்பை இரட்சணிய சேனை போன்ற கிறிஸ்தவ அமைப்புகள் ஏற்றிருந்தன என்பதையும் சொல்லாமல் விட இயலாது. நல்லெண்ணத்தோடுதான் ஏற்றார்கள். மனந்திரும்புதலைப் போதிக்கிறவர்கள், மனந்திரும்பினாலும் பட்டியலிலிருந்து பெயர் நீங்காத சட்டத்தின்கீழ் எப்படிப் போதித்தார்கள் என்பது நமக்கு விளங்காத புதிர்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மொழி மாறியது. 1963-இல் கொன்ராட் லோரன்ஸ், ஆக்கிரமிப்பு என்பது உள்ளே ஊறிக்கொண்டே இருந்து வடிகால் தேடும் இயல்பூக்கம் என்று எழுதினார். 1965-இல் ஸ்காட்லாந்து மருத்துவமனை ஒன்றில் அடைபட்டிருந்தவர்களிடையே கூடுதலாக ஒரு ஒய் குரோமோசோம் கொண்ட ஆண்கள் சிலர் காணப்பட்டதும், ‘கொலைக் குரோமோசோம்’ என்று செய்தித்தாள்கள் ஆரவாரித்தன. 1976-இல் டென்மார்க்கில் விரிவாக ஆராய்ந்தபோது அவர்கள் மற்றவரைவிட வன்முறையாளர் அல்லர் என்று தெரிந்தது. 1993-இல் டச்சுக் குடும்பம் ஒன்றில் மூர்க்கமாக நடந்துகொண்ட ஆண்களிடம் குறிப்பிட்ட மரபணு ஒன்று பழுதுபட்டிருந்தது கண்டறியப்பட்டது. இது மெய். ஆனால் மிக அரிய குறைபாடு. அதைக் கொண்டு ஊர்ச் சண்டைகளை விளக்க முனைவது, தும்மலுக்குக் காரணம் நுரையீரல் புற்று என்பது போன்றது.

இத்தனை சோதனைகளும் எங்கோ தொலைவில் நடந்தவை என்று எண்ண வேண்டா. சென்னையிலேயே, அரசு பொது மருத்துவமனையில், இந்தக் கேள்வி கத்தி முனைக்கு வந்தது. இன்றைய வாசகர் பலர் அறியாத வரலாறு இது என்பதால் சற்று நின்று சொல்கிறோம்.

டாக்டர் பி. இராமமூர்த்தி 1950-இல் அங்கே நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அவரோடு பணியாற்றியவர்கள் டாக்டர் வி. பாலசுப்பிரமணியமும், ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை நிபுணர்களுள் ஒருவராகிய டாக்டர் டி. எஸ். கனகாவும். அமிக்டலா என்பது பாதாம் பருப்பின் வடிவில் மூளையின் இருபுறமும் ஆழப் பதிந்திருக்கும் சிறு பகுதி. அச்சமும் சினமும் எழுவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அதைச் சிதைத்து மூர்க்கத்தைத் தணிக்கும் முறையை ஜப்பானியர் நரபயாஷி 1963-இல் விவரித்தார். சென்னை மருத்துவர்கள் அதை மேற்கொண்டார்கள். தலையை அசையாதபடி சட்டகத்தில் பொருத்தி, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, அளந்து குறித்த புள்ளிக்கு ஊசி போன்ற கருவியைச் செலுத்துவார்கள். வலிப்பு நோயாலோ மூளைக் காய்ச்சலின் பின்விளைவாலோ கட்டுக்கடங்காமல் போன நோயாளிகள் பலர். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். ‘அமைதிப்படுத்தும் அறுவை’ என்று பொருள்படும் ஒரு பெயரையே இதற்கு அவர்கள் வழங்கினார்கள். 1988-இல் இராமமூர்த்தி வெளியிட்ட கட்டுரை, அமிக்டலாவிலும் ஹைபோதாலமஸ் என்னும் பகுதியிலுமாகச் செய்யப்பட்ட அறுநூறுக்கு மேற்பட்ட அறுவைகளைப் பற்றிப் பேசுகிறது. பெரும்பாலோரிடம் முன்னேற்றம் கண்டதாக அவர் தெரிவித்தார்.

இதைப் படித்ததும் பதறுவது எளிது. நாமும் பதறினோம். ஆனால் தன்னைத் தானே கடித்துக்கொள்ளும் மகனைத் தூணில் கட்டிவைத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போகும் தாயை நினைத்துப் பார்த்தால் நம் பதற்றத்துக்கு வேறொரு முகம் வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டுண்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட வழியின்றி மடிந்தார்கள். நோயைப் பேய் என்றும் பாவம் என்றும் சொன்ன பழைய மொழி அவர்களைச் சங்கிலியில் வைத்திருந்தது. அறுவை மருத்துவர்கள் அதை நோய் என்றார்கள். அந்த அளவில் அவர்கள் இரக்கத்தின் பக்கம் நின்றவர்களே.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அமைதி யாருக்காக? நோயுற்றவன் கேட்ட அமைதியா, அவனைச் சுற்றியிருந்தோர் கேட்டதா? குழந்தையால் இசைவு தர இயலாது. தாய்தந்தையர் தந்தார்கள், வேறு வழியின்றி. சிதைத்த திசு மீண்டும் வளராது. 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், யாருக்கு அறுவை செய்யப்படுகிறதோ அவருடைய விவரமறிந்த இசைவும், மனநல வாரியத்தின் ஒப்புதலும் இன்றி இத்தகைய அறுவை கூடாது என்கிறது. அரை நூற்றாண்டு தாமதமாக, நோயாளியின் வாயிலிருந்தே ஒரு சொல் கேட்கப்படுகிறது.

உடலில் வேர் உள்ள மூர்க்கம் உண்டு. அதை மறுப்பது அறியாமை மட்டுமன்று, கொடுமையும்கூட. மனித உணர்ச்சிகள் தம்மளவில் நன்மையும் அல்ல, தீமையும் அல்ல என்பது அக்குவினா தோமா முதலாகத் திருச்சபை கற்பித்து வருவதே. நோயும் அச்சமும் பழக்கமும் ஒருவரது பொறுப்பைக் குறைக்கலாம், சில வேளைகளில் முற்றிலும் நீக்கவும் கூடும் என்று 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூலும் ஒப்புகிறது. ஆகவே அமிக்டலாவைக் கண்டு விசுவாசி அஞ்ச வேண்டியதில்லை.

அப்படியானால் தேநீர்க் கடையில் அறைந்தவர்? அவர் கையிலும் இல்லையா?

இங்கேதான் உயிரியலைப் பாதியில் மூடிவிடாமல் கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும் என்கிறோம். ஸ்பெயின் நாட்டவரான டெல்காடோ, 1963-இல் கோர்டோபா நகரில் களத்தில் இறங்கி, மூளையில் மின்கம்பி பதித்த காளை தம்மை நோக்கிப் பாய்ந்துவந்தபோது கையிலிருந்த கருவியின் பொத்தானை அழுத்தி அதை நிறுத்தினார். உலகமே கைதட்டியது. காளையின் சினம் தணியவில்லை, அதன் கால்கள்தாம் திசைமாறின என்று பின்னர் மறுத்தவர்களும் உண்டு. வாடிவாசலைக் கண்டு வளர்ந்த நமக்கு, பொத்தானால் காளையை நிறுத்துகிறவர்மீது பெரிய மதிப்பு பிறக்காதது இயல்பே. ஆனால் அதே டெல்காடோ குரங்குகளிடம் கண்டது இதைவிட முக்கியமானது. யாரும் அதற்குக் கைதட்டவில்லை. கூட்டத்தில் வாழும் குரங்கின் மூளையில் ஒரே இடத்தைத் தூண்டினாலும், விளைவு அதன் படிநிலையைப் பொறுத்தே அமைந்தது. தனக்குக் கீழ்ப்பட்டவை இருந்தால் அவற்றைத் தாக்கியது. தானே கடைசிப் படியில் இருந்தபோது அடங்கிக் கிடந்தது.

ஆண்மைச் சுரப்பாகிய டெஸ்டோஸ்டிரோனைப் பற்றியும் இவ்வாறே. ஐந்து ஆண் குரங்குகள் வரிசையாக நிற்பதாகக் கொள்வோம். நடுவில் உள்ளதற்கு இந்தச் சுரப்பை மிகுதியாகச் செலுத்தினால் அது முதலிரண்டின்மீது பாயுமா? பாயாது. தனக்குக் கீழுள்ள இரண்டையும் முன்னைவிடக் கொடுமையாக வதைக்கும். அமெரிக்க உயிரியலார் ராபர்ட் சபோல்ஸ்கி இதைப் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறார். சுரப்பு சினத்தைப் புதிதாகப் படைப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் ஏணியில் அதைக் கீழ்நோக்கிப் பெருக்குகிறது. உடல் சூட்டைத் தருகிறது. யார்மீது என்பதை ஏணி சொல்கிறது.

நம்மவருக்கு இது புதுச் செய்தியா? வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்கும்போதே, சினம் செல்லுபடியாகும் இடம், செல்லாத இடம் என்று பிரித்துவிடுகிறார். செல்லாத இடத்தில் சினத்தை அடக்குவதில் பெருமை ஏது என்பது அவர் கேள்வி. வேட்டியில் தேநீரைச் சிந்தியவர் வட்டாட்சியராக இருந்திருந்தால் அந்தக் கை எழுந்திருக்குமா என்று நாம் கேட்பதும் அதே கேள்விதான்.

குரங்குக்கும் இடம் தெரிகிறதே, அப்படியிருக்க இடமறிந்து அடிப்பது மட்டும் மனிதப் பொறுப்புக்கு எப்படிச் சான்றாகும் என்று ஒருவர் மடக்கலாம். நியாயமான மடக்கு. குரங்கின் ஏணி அதன் பல்லும் பலமும் இட்டது. நம் ஏணியை யார் இட்டார்கள்? எந்தத் தெருவில் பிறந்தவன் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று எந்த மரபணுவிலும் எழுதியில்லை. அதை எழுதியவர்கள் நம் பாட்டன்மார். படியெடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவர்கள் நாம்.

இந்த மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1992 ஜூன் 20 அன்று அரூரை அடுத்த வாச்சாத்தி என்னும் பழங்குடிக் கிராமத்தில் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் வீடுகளை நொறுக்கினர், மக்களை அடித்தனர்; பதினெட்டுப் பெண்களை வல்லுறவுக்கு உள்ளாக்கினர். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அவர்களில் உயிரோடிருந்த 215 பேரும் 2011-இல் தண்டிக்கப்பட்டார்கள். 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒரே நாளில் 269 அரசு ஊழியர்களுக்கு ஒருசேரப் பித்தம் தலைக்கேறிற்று என்று எந்த வைத்தியர் சொல்வார்? அவர்கள் சீருடை அணிந்து, வண்டியேறி, மேலிடத்தின் சொற்படி வந்தவர்கள். அங்கே வெளிப்பட்டது கட்டுமீறிய வெறியன்று. கட்டளைக்கு அடங்கிய வெறி.

2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாயை அடுத்த நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. சாதி கடந்த ஒரு திருமணமும், அதன்பின் மணப்பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டதும் காரணமாகச் சொல்லப்பட்டன. அந்த மகளின் தந்தைக்காக உண்மையாகவே துயருற்றவர்கள் அக்கூட்டத்தில் இருந்திருக்கலாம். ஆனால் வழியில் மரங்களை வெட்டிச் சாய்த்துப் பாதையை மறித்த பின்புதான் தீ வைத்தார்கள். மரம் வெட்ட எவ்வளவு நேரமாகும் என்பது வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அமிக்டலாவின் கொதிப்பு நொடிகளில் எழுந்து நிமிடங்களில் தணிவது.

நம் வீட்டைவிட்டு வெளியே பார்ப்பது எப்போதும் எளிது. 2008 மார்ச் 9 அன்று, அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள் அவர்கள். தாக்கியவர்களும் கிறிஸ்தவர்கள், ஒரே ஆலயத்தில், ஒரே அப்பத்தை உண்டவர்கள். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். அது தவக்காலம், குருத்து ஞாயிறுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. சாம்பல் புதனன்று எல்லா நெற்றியிலும் ஒரே சாம்பல் பூசப்பட்டிருக்கும். அந்த நாளைப் பற்றி நம் பத்திரிகைகளில் நாம் எழுதியதைவிட எழுதாமல் விட்டதே அதிகம்.

தடுக்கும் ஆற்றலும் உடலில்தான் இருக்கிறது என்பதை உயிரியலைத் துணைக்கழைப்போர் மறந்துவிடுகிறார்கள். நெற்றிக்குப் பின்னேயுள்ள மூளைப் பகுதி, எழும் வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. 1848-இல் அமெரிக்காவில் ஃபினியஸ் கேஜ் என்ற இரயில்பாதைத் தொழிலாளியின் தலையை இரும்புக் கம்பி ஒன்று துளைத்துச் சென்றது. உயிர் பிழைத்தவர், நிதானம் இழந்தவராக மாறினார் என்று அவருடைய மருத்துவர் எழுதினார். கடிவாளமும் குதிரையோடு பிறந்ததே. கடிவாளம் அறுந்தவரைப் பழிக்கலாகாது. ஆனால் கடிவாளத்தை ஓரிடத்தில் இறுக்கிப் பிடித்து இன்னோரிடத்தில் வேண்டுமென்றே தளர்த்துகிறவர், குதிரைமேல் குற்றம் சொல்ல முடியாது.

நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972-73-இல் பிறந்த பிள்ளைகளை அறிஞர்கள் பல்லாண்டு பின்தொடர்ந்தார்கள். மேலே சொன்ன டச்சுக் குடும்பத்தில் பழுதுபட்டிருந்த அதே மரபணுவின் ஆற்றல் குறைந்த வகை இருந்த ஆண்பிள்ளைகளில், சிறு வயதில் கொடுமைக்கு ஆளானவர்களே பின்னாளில் வன்முறைக்கு மிகுதியாகச் சாய்ந்தார்கள் என்று 2002-இல் அவர்கள் எழுதினார்கள். அன்போடு வளர்க்கப்பட்டவர்களிடம் அந்த மரபணு அப்படி வெளிப்படவில்லை. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒருமுகமாக இல்லை. இருந்தாலும், மரபணுவைத் தேடிப் போனவர்கள் கடைசியில் ஒரு வீட்டுக் கதவின்முன் வந்து நின்றார்கள் என்பது நம் மனத்தை விட்டு அகலவில்லை.

நாமும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் “கோபப்பட்டேன் சாமி” என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம். யார்மீது என்று சொல்வதில்லை. பெரும்பாலும் யாரும் கேட்பதுமில்லை. சொல்ல நேர்ந்தால் பட்டியல் வியப்பாக இருக்கும்: மனைவி, பிள்ளை, வேலைக்கார அம்மா, ஆட்டோ ஓட்டுநர், காய்கறிக்காரி. இயேசு சினங்கொண்டார் என்று நற்செய்தி சொல்லுகிற இடங்களையும் பார்க்கலாம். தொழுகைக்கூடத்தில் கை சூம்பியவனைக் குணமாக்கக் கூடாதென்று உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள்மேல் சினந்தார். கோவிலில் பணம் மாற்றுவோரின் பலகைகளைக் கவிழ்த்தார். அது செல்லாத இடத்துச் சினம், சிலுவையில் முடிந்தது. நினைவிடத்தில் நாங்கள் கண்டு வந்தவரின் சினமும், வேறொரு சமயத்தவருடையதாயினும், அந்த வகையைச் சேர்ந்ததே. அது சிறையிலும் தொழுநோயிலும் கொண்டுவிட்டது.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லாமல் இதை முடித்தால் நேர்மையாகாது. எங்கள் தந்தையார் அலுவலகமொன்றில் எழுத்தர். முன்கோபி என்று உறவினர் அனைவரும் அறிவர். சோற்றில் உப்புக் கூடினால் தட்டு பறக்கும். நாங்கள் ஐந்து பேரும் சுவரோரம் ஒதுங்கி நிற்போம். அடி பெரும்பாலும் அம்மாவுக்கு விழும். “பித்த உடம்பு, அவரா செய்யறார்?” என்று பாட்டி சொல்வார்கள். அம்மா ஒவ்வொரு காலையும் சீரகத் தண்ணீர் காய்ச்சி வைப்பார்கள். சனிக்கிழமைதோறும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்வார்கள். நாங்களும் அதை நம்பினோம். முப்பத்தோராண்டு அலுவலக வாழ்வில் அவர் ஒருமுறைகூட மேலதிகாரியிடம் குரல் உயர்த்தியதில்லை என்பதை, பணி ஓய்வு விழாவில் ஒருவர் புகழ்ச்சியாகச் சொல்லக் கேட்டபோதும், நாங்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

எழுபத்துநான்காம் வயதில் அவருக்கு மூளையில் இரத்தக் குழாய் அடைத்தது. நெற்றிப் பக்கத்தில் சேதம் என்று மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கினார். அதன்பின் அவர் எல்லாரையும் அடித்தார். செவிலியரை, மருத்துவரை, பார்க்க வந்த பழைய மேலதிகாரியை, நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தையை, செல்லப் பேத்தியை. யார் என்ற வேறுபாடே இல்லை. பங்குத்தந்தையின் கண்ணாடி கீழே விழுந்து உடைந்த அன்று நாங்கள் வெட்கத்தால் குன்றிப்போனோம். அம்மா கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார்கள். பிறகு சமையலறைக்கு வந்து எங்களிடம், குரலை உயர்த்தாமல் சொன்னார்கள்: “இதுதாண்டா வியாதி. பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியல. முன்னே எல்லாம் தெரியும்.”

நாங்கள் எதுவும் பேசவில்லை. அவர் அதன்பின் இரண்டு ஆண்டு இருந்தார். அம்மா கடைசி நாள்வரை சீரகத் தண்ணீர் காய்ச்சி, ஆறவைத்து, கையைத் தட்டிவிட்டாலும் மறுபடி மொண்டு, கரண்டியால் ஊட்டினார்கள்.